மைதிலி மேடத்திடம் நான் சொன்ன சாட்சிகள்

முதலில் நெஞ்சுவலி என்றுதான் நினைத்தேன். துறைமுகச் சாலையில் பைக்கில் போய்க்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் உப்பளம். முன்னால் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. தினமும் பார்க்கிற காட்சிதான். திடீரென்று மூச்சு உள்ளே போக மறுத்தது. கைவிரல்கள் மரத்துப்போயின. இதோ சாகப்போகிறேன் என்று உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் முடிவு செய்துவிட்டது. வண்டியைச் சாய்த்துவிட்டு மண்ணில் உட்கார்ந்தேன். லாரி டிரைவர் ஒருவர் இறங்கி ஓடிவந்தார்.

“என்ன அண்ணாச்சி, நெஞ்சா?”

தலையை ஆட்டினேன். அவர்தான் ஒரு ஆட்டோவை மறித்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஈ.சி.ஜி. (இதயத் துடிப்பைக் கோடுகளாக வரைந்து காட்டும் சோதனை) எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. கேஸாக இருக்கும் என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பினார்கள்.

அடுத்த சில வாரங்களில் அதே ஆஸ்பத்திரிக்கு மறுபடி மறுபடி போனேன். எக்கோ, எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது), தைராய்டு என்று எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் நார்மல். ஒவ்வொரு முறையும் என் மனைவி பியூலா கண்ணை மூடிக் கடவுளுக்கு நன்றியாக ஸ்தோத்திரம் சொல்வாள். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். எதையாவது கண்டுபிடித்துத் தொலைக்க மாட்டார்களா என்றிருந்தது. அடைப்பு என்றால் எடுத்துவிடலாம். கட்டி என்றால் அறுத்துவிடலாம். ஒன்றுமே இல்லாத உடம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தூக்கம் போயிற்று. சாப்பாடு மண்ணாக இருந்தது. துறைமுகத்துக்கு வந்துபோகும் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கிக் கொடுக்கும் அலுவலகத்தில் எனக்கு வேலை. கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலையில் தப்புமேல் தப்பு வந்தது. எதிரே இருப்பவர் பேசுவது காதில் விழும், தலைக்குள் ஏறாது.

ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியது. அழுகையோடோ ஆத்திரத்தோடோ வரவில்லை. பேஸ்ட் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும் என்று தோன்றுமே, அப்படி வந்தது. அதுதான் பயமாக இருந்தது. மறுநாளும் வந்தது. பிறகு அது வராத நாள் இல்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை.

உங்களில் ஒருவருக்கு இந்த நிமிடம் அந்த எண்ணம் இருந்தால், இதைப் படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் போய்ச் சொல்லுங்கள். யாருமே இல்லையென்றால் ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்ச் சொல்லுங்கள். கட்டுரை எங்கும் ஓடிவிடாது.

என்னைப் பலமுறை பார்த்துச் சலித்த வயதான டாக்டர் ஒருவர் கடைசியில் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“உங்க உடம்பு நல்லாத்தான் இருக்கு சார். நீங்கதான் நல்லால்ல. மனசுக்குப் பாக்குற டாக்டர்ட்ட போங்க.”

பியூலா முகம் சிவந்து எழுந்துவிட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

இரண்டு பேரிடம் போக வேண்டும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மனநல மருத்துவர் நோயைக் கண்டறிந்து மாத்திரை கொடுப்பவர். உளவியலாளர் மாத்திரை கொடுக்க மாட்டார். வாராவாரம் உட்கார்ந்து பேசுவதுதான் அவருடைய சிகிச்சை. மனநல மருத்துவர் எனக்கு இருப்பது மனச்சோர்வு நோய் (வெறும் கவலை அல்ல, தூக்கம், பசி, ஆசை, நினைவு எல்லாவற்றையும் பிடித்து அமுக்கும் நோய்) என்றும், சாலையில் வந்தது பதற்றத் தாக்கு (ஆபத்து எதுவும் இல்லாமலே உடம்பு உயிர்ப்பயத்தில் துடிப்பது) என்றும் சொன்னார். மாத்திரை எழுதினார். “பேச்சு சிகிச்சையும் வேணும்” என்று சொல்லி, டவுனில் மைதிலி என்ற மருத்துவ உளவியலாளரிடம் அனுப்பினார்.

மைதிலி மேடத்தின் அறை ஒரு மாடியில் இருந்தது. கீழே பல் ஆஸ்பத்திரி. எங்களுக்கு அது பெரிய வசதியாகிவிட்டது. இந்த ஊரில் யார் கண்ணிலும் படாமல் ஒரு வாழைப்பழம்கூட வாங்க முடியாது. பார்த்தவர்களிடமெல்லாம் பியூலா, “அவுகளுக்குக் கடவாப்பல்லு” என்று சொல்லிவைத்தாள். வாராவாரம் போனதால், இந்த மனுஷனுக்கு எத்தனை கடைவாய்ப்பல் என்று அவர்கள் யோசித்திருப்பார்கள்.

முதல் நாள் எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். சினிமாவில் வருவதுபோல் படுக்கை எல்லாம் இல்லை. இரண்டு நாற்காலிகள், நேருக்கு நேர் போடாமல் கொஞ்சம் சாய்வாகப் போட்டிருந்தார். ஒரு மின்விசிறி. ஒரு பெட்டி காகிதக் கைக்குட்டை. அதைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல் வந்தது, அழுவேன் என்று முன்கூட்டியே முடிவுகட்டிவிட்டார்களே என்று. மேடத்துக்கு முப்பதைத் தாண்டிக் கொஞ்சம் வயதிருக்கும். ஆழ்வார்திருநகரிக்காரர். கோயில் வீதியில் பிறந்து வளர்ந்தவர் என்பது பிறகு பேச்சுவாக்கில் தெரிந்தது.

என்ன செய்கிறது, எப்போது தொடங்கியது, வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா, தூக்கம் எப்படி, குடி உண்டா என்று கேட்டார். அறிவுரை ஒன்றுகூடச் சொல்லவில்லை. அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பிறகு ஒரு விஷயம் சொன்னார்.

“நீங்க இங்க பேசுறது வெளிய போகாது சார். ஒரே ஒரு விஷயத்துல மட்டும் நான் வீட்டுல சொல்லியாகணும். உங்க உயிருக்கு ஆபத்துன்னு எனக்குப் பட்டா.”

அந்த இடத்தில் எனக்குள் ஒரு கதவு சாத்திக்கொண்டது. சத்தம்கூடக் கேட்கவில்லை. அடுத்து அவர், சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்டார். கேட்பது அவர்கள் வழக்கம். உங்களிடமும் கேட்பார்கள். திடுக்கிட வேண்டாம்.

“வந்துச்சு மேடம்,” என்றேன். “ஆனாலும் ஜெபம் பண்ணுனேன். கர்த்தர் அந்த எண்ணத்த எடுத்துப்போட்டாரு. இப்ப சமாதானமா இருக்கேன்.”

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். எங்களுடையது இந்த மாவட்டத்து நாசரேத் ஊர்ப் பக்கத்துக் குடும்பம். நான்கு தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள், அதில் பாதிப்பேர் வாத்தியார்கள். எங்கள் சபையிலும் வீட்டு ஜெபக் கூட்டங்களிலும் சாட்சி சொல்வது வழக்கம். எழுந்து நின்று, தனக்கு வந்த துன்பத்தையும் அதிலிருந்து கடவுள் தன்னை மீட்டதையும் சொல்வதுதான் சாட்சி. அதற்கு ஒரு வடிவம் உண்டு. முதலில் கஷ்டம். நடுவில் கண்ணீர். பிறகு ‘ஆனாலும்’. அதற்குப் பிறகு ஜெயம். கூட்டம் மொத்தமும் ஸ்தோத்திரம் சொல்லும். உட்கார்ந்துவிடலாம்.

முடியாத கதையைச் சாட்சியாகச் சொல்ல முடியாது. கடன் அடைந்த பிறகு சொல்லலாம், காய்ச்சல் விட்ட பிறகு சொல்லலாம். காய்ச்சல் நூற்று நான்கில் நிற்கும்போது எழுந்து, எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால், கூட்டத்துக்கு என்ன செய்வதென்றே தெரியாது. நான் அரைக்கால்சட்டை போட்ட வயதிலிருந்து சாட்சி சொல்கிறேன். நன்றாகச் சொல்வேன் என்று பெயரும் உண்டு. எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

அந்தக் குரலில்தான் மைதிலி மேடத்திடமும் பேசினேன். வேண்டுமென்று செய்யவில்லை. என் வேதனையைச் சொல்வதற்கு எனக்குத் தெரிந்திருந்தது அந்த ஒரு வழிதான்.

வாராவாரம் போனேன். மேடம் கேட்பார்: “இந்த வாரம் எப்படி இருந்தீங்க?”

“செவ்வாக்கிழமை ரொம்ப முடியாமப் போச்சு மேடம். கட்டில விட்டு எந்திக்க முடியல. ஆனாலும் ஒரு பாட்டப் பாடிக்கிட்டே எந்திச்சு உக்காந்தேன். பாரம் இறங்கிட்டு.”

மேடத்தின் முகம் மலரும். மனச்சோர்வு உள்ளவர் தானாகவே எழுந்து உட்கார்வது பெரிய விஷயம் என்பார். மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். தினமும் சிறிய வேலை ஒன்று செய்யச் சொன்னார். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கடைக்கு நடப்பது. எல்லாம் செய்தேன். செய்ததையும் சாட்சியாகவே சொன்னேன். நல்ல மாணவனாக இருந்தேன்.

பொய் சொன்னேனா என்றால், இல்லை. சொல்லும்போது நம்பித்தான் சொன்னேன். ‘ஆனாலும்’ என்று வாய் சொன்னதும் நெஞ்சில் நிஜமாகவே ஒரு வெளிச்சம் வரும். மாடிப்படி இறங்கி முடிப்பதற்குள் அது வடிந்துவிடும். பல் ஆஸ்பத்திரி வாசலில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கும். அவர்கள் வலி எங்கே என்று கேட்டால் விரலை வைத்துக் காட்டுவார்கள்.

அந்த நாட்களில் எனக்குள் இருந்த இருட்டை எப்படிச் சொல்வதென்று இன்றும் தெரியவில்லை. என் மகள் ஷாரோன் படித்துக்கொண்டிருப்பதைப் பார்ப்பேன். இவள் நான் இல்லாமல் நன்றாகவே இருப்பாள் என்று தோன்றும். தோன்றுவதோடு நிற்காமல், அதற்கான நியாயங்களை மனம் ஒவ்வொன்றாக எடுத்துவைக்கும். அவை அந்த நேரத்தில் மறுக்கவே முடியாதவையாக இருக்கும். என் மகளைவிட்டுப் போவதை அவளுக்குச் செய்யும் உதவி என்று நம்பினேன். நோய் பேசுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. என் குரலில்தானே பேசுகிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் தெருவில் ஜெபக் கூட்டம். எழுந்து நின்று, பெலவீனத்திலிருந்து விடுதலை கிடைத்துவிட்டது என்று சாட்சி சொன்னேன். பியூலாதான் முதலில் ஸ்தோத்திரம் சொன்னாள். அவள் குரல் உடைந்தது. எல்லோரும் கைகொடுத்தார்கள். அன்று நான் மனத்துக்குள் எல்லோரிடமும் விடைபெற்றுக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் மேடத்திடம் போனபோது அவர் சந்தோஷமாக இருந்தார்.

“நல்ல முன்னேற்றம் சார். வாரா வாரம் வர வேண்டாம்னு நினைக்கிறேன். இனி மாசத்துக்கு ஒருதடவ பாப்போமா?”

“ரொம்ப நன்றி மேடம்,” என்றேன்.

படி இறங்கினேன். அடுத்த மாதம் என்ற ஒன்று எனக்கு இல்லை என்று தெளிவாகத் தெரிந்தது. எப்படி, எப்போது என்பதையும் யோசித்து வைத்திருந்தேன். அதை இங்கே எழுத மாட்டேன். பைக்கில் உட்கார்ந்து சாவியைப் போட்டேன். கை நடுங்கி, சாவி துவாரத்துக்குள் போகவில்லை. திரும்பத் திரும்பக் குத்திப் பார்த்தேன். போகவில்லை. அந்த அற்பமான விஷயத்தில் எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. சாவதற்குப் போகக்கூட என் கை எனக்கு உதவாதா என்று. அந்த ஆத்திரத்தோடு ஏன் மறுபடி படி ஏறினேன் என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது.

மேடம் மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தார். தயிர்சாதம். கதவைத் தட்டாமல் உள்ளே போய் நின்றேன்.

“மேடம், நான் செத்துப்போகப் போறேன்.”

வாய் தன் பழக்கத்தில் “ஆனாலும்” என்றது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. நாக்கு அங்கேயே நின்றது. மேடம் காத்திருந்தார். 

“ஆனாலும்?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ஆனாலும் ஒண்ணும் இல்ல மேடம். அவ்வளவுதான்.”

அவர் டப்பாவை மூடினார். என்னை உட்காரச் சொன்னார். எவ்வளவு நாளாக, எப்படிச் செய்ய நினைத்தேன், எப்போது, வீட்டில் யாருக்குத் தெரியும் என்று நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டார். பதறவில்லை, கண்டிக்கவில்லை. முதன்முறையாக எல்லாவற்றுக்கும் உள்ளது உள்ளபடி பதில் சொன்னேன். 

“நான் இப்ப உங்க வீட்டம்மாவக் கூப்பிடப்போறேன். உங்க முன்னாலதான் பேசுவேன்,” என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, “என் மேலயும் தப்பு இருக்கு சார். ஒவ்வொரு வாரமும் அது எப்படி முடிஞ்சுதுன்னே கேட்டுட்டு இருந்துட்டேன்” என்றார்.

பியூலா, தான் பாடம் நடத்தும் பள்ளியிலிருந்து ஆட்டோவில் வந்தாள். விரலில் சாக்பீஸ் தூள் இருந்தது. மேடம் விஷயத்தைச் சுற்றிவளைக்காமல் சொன்னார். பியூலா உடனே, “இல்ல மேடம், அப்பிடியெல்லாம் ஒண்ணும் ஆகாது, கர்த்தர் அவுகள...” என்று தொடங்கினாள்.

“முடிக்காதீங்க மேடம்,” என்றார் மைதிலி. “கொஞ்ச நேரம் அது அப்படியே இருக்கட்டும்.”

பியூலா வாயை மூடிக்கொண்டாள். அந்த அமைதியில் அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவ்வளவு நேரம் அவள் என்னைப் பார்த்தது இல்லை. பிறகு வெடித்தாள்.

“ஞாயித்துக்கெழம எந்திச்சு நின்னு சொகமாயிட்டுன்னு சொன்னியளே! நான்தான மொதல்ல ஸ்தோத்திரம் சொன்னேன்! பக்கத்துல உக்காந்துகிட்டு, ஒண்ணும் தெரியாம, ஸ்தோத்திரம்லா சொன்னேன்!”

என் தோளில் அடித்தாள். திரும்பவும் அடித்தாள். பிறகு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கண்ணைத் துடைக்க மேடத்தின் காகிதக் கைக்குட்டையைத்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலமே என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மனநலப் பிரிவு என்றதும் நான் நினைத்துப் பயந்த எதுவும் அங்கே இல்லை. நீளமான வராண்டா, கொசு, பக்கத்துக் கட்டிலில் எப்போதும் தூங்குகிற ஒரு கல்லூரிப் பையன். மாத்திரையை மாற்றினார்கள். வாய் வறண்டது, எழுத்து மங்கலாகத் தெரிந்தது, பகலெல்லாம் தூக்கம். பியூலா லீவு போட்டுவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள்.  ஒரு தடவை அவள், “எனக்கு ரொம்பப் பயமா இருக்கு” என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் சபை ஐயர் (நாங்கள் போதகரை அப்படித்தான் அழைப்போம்) பார்க்க வந்தார். பியூலா அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவர் ஏதாவது சொல்வார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார்.

“கூட்டத்துக்கு வாங்க டேனியல் தம்பி. எந்திச்சு நிக்க வேண்டாம். சும்மா வந்து உக்காருங்க,” என்றார். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

வெளியே வந்த பிறகு சிகிச்சை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. இந்த முறை மேடம் சாட்சி என்றால் என்ன என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒரு கூட்டத்தில் எப்படிச் சொல்வேனோ அப்படியே ஒன்று சொல்லச் சொன்னார்.

பல கூட்டங்களில் சொன்ன ஒன்றைச் சொன்னேன். ஒன்பதாம் வகுப்பில் ஹாஸ்டலில் இருந்தபோது எனக்கு டைபாய்டு வந்தது. லீவு நாட்கள், மற்ற பையன்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். வார்டன் வாசலைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு எங்கோ போயிருந்தார். இரண்டு நாள் தனியாகக் கிடந்தேன். ஆனாலும் ஒரு பாட்டு நினைவுக்கு வந்தது, காய்ச்சல் இறங்கியது, அப்பா வந்து கூட்டிக்கொண்டு போனார்.

“இப்ப அதையே சொல்லுங்க,” என்றார் மேடம். “தனியா கிடந்தேன்கிறதோட நிறுத்திருங்க.”

சொன்னேன். நிறுத்தினேன். நீங்கள் நம்ப மாட்டீர்கள், உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. கால் தானாக ஆடியது. எழுந்து ஓட வேண்டும்போல் இருந்தது. அந்தப் பையன் கட்டிலில் கிடக்கிறான், தண்ணீர்ப் பானை எட்டாத தூரத்தில் இருக்கிறது, யாரும் வரவில்லை. நான் அவனை அங்கே ஒரு நாளும் விட்டுவைத்ததில்லை. ஒவ்வொரு முறையும் அவசர அவசரமாக அவனைக் குணமாக்கி, அப்பாவோடு பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். அன்றுதான் அவனோடு உட்கார்ந்தேன். அவனுக்காக அழுதேன். இத்தனை வருஷத்தில் யாருமே அழவில்லை.

இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பேச்சு சிகிச்சை தொடங்கினால் உடனே லேசாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு அதற்கடுத்த வாரங்கள்தான் மிக மோசமாக இருந்தன. அமுக்கி வைத்ததெல்லாம் பெயர்ந்து வந்தது. பஸ்ஸில் அழுதேன், அலுவலகக் கழிப்பறையில் அழுதேன். மேடத்தின் மேல் கொலைவெறி வந்தது. இனி போக மாட்டேன் என்று அடம்பிடித்தேன். பியூலா பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு, “ஓட்டுங்க” என்பாள். வேறொன்றும் சொல்ல மாட்டாள்.

மேடத்திடம் இந்தக் கோபத்தையும் சொன்னேன். சொல்லலாம். அவர்கள் அதற்காகவும்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்களுக்கு அமைந்தவர் சரிப்படவில்லை என்றால் வேறொருவரிடமும் போகலாம், அதில் தப்பே இல்லை. ஆனால் போவதற்கு முன் ஒரு முறையாவது அழகுபடுத்தாமல் பேசிப் பாருங்கள். உங்கள் வீட்டில் சாட்சி இல்லாமல் இருக்கலாம். வேறு ஏதாவது இருக்கும். எல்லாம் நல்லதுக்குத்தான் என்று ஆறுதல் சொல்லி முடிப்பவர்கள் இருப்பார்கள், சிரித்து மழுப்புகிறவர்கள் இருப்பார்கள். உங்கள் உளவியலாளருக்கு உங்கள் வீட்டு வழக்கம் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஷாரோனிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. அப்பாவுக்குப் பிரஷர் என்று சொல்லியிருந்தோம். பிள்ளைகள் முட்டாள்கள் என்று நினைக்கும் முட்டாள்தனம் எல்லாப் பெற்றோருக்கும் உண்டு. மாத்திரைகள் பூட்டிய அலமாரிக்குப் போனதையும், அம்மா என்னைத் தனியே விடாததையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு சனிக்கிழமை, அடுக்களையில் நான் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். தினமும் செய்ய வேண்டிய சின்ன வேலைகளில் அன்றைக்கு அது. அவள் வந்து எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தாள். ஒரு மீனை எடுத்துத் தலையைக் கிள்ளினாள்.

“அப்பா, நீங்க செத்துப்போவியளா?”

கை நின்றுவிட்டது. ஆயிரம் பதில்கள் தயாராக இருந்தன. கர்த்தர் இருக்கார் மக்கா, அப்பா உன் கல்யாணத்தப் பாக்காமப் போவேனா, பயப்படாத. எல்லாமே முடிந்த வாக்கியங்கள். அவளுக்கு எது உண்மையோ அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. என்னிடம் இருந்த உண்மை மிகவும் சின்னது.

“இன்னைக்கு மாட்டேன்,” என்றேன்.

அவள் அதை யோசித்தாள். “நாளைக்கு?”

“நாளைக்குள்ளத நாளைக்குத்தான் சொல்ல முடியும்ளா.”

“அப்ப நாளைக்குக் கேப்பேன்,” என்றாள். அடுத்த மீனை எடுத்தாள்.  நாங்கள் இருவரும் கடைசி மீன்வரை ஆய்ந்து முடித்தோம்.

மறுநாள் கேட்டாள். அதற்கு மறுநாளும். மேடத்திடம் இதைச் சொன்னேன். “நீங்க உண்மையச் சொன்னது நல்லது. ஆனா உங்களக் காவல் காக்குற வேல அவளுக்கு வேண்டாம். அவ கேக்குறதுக்கு முந்தியே நீங்க போய்ச் சொல்லிருங்க. முடியாத நாள்ல அவகிட்ட இல்ல, எங்கிட்டயோ வீட்டம்மாகிட்டயோ வாங்க” என்றார்.

அப்படியே செய்தேன். காலையில் பள்ளிக்கூட வாசலில் அவளை இறக்கிவிடும்போது சொல்வேன்: இன்னைக்கு மாட்டேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போவாள். சில நாட்கள் அதைச் சொல்வதற்கு முந்தைய இரவு முழுக்கப் போராட வேண்டியிருந்தது. ஒருநாள் என்னால் சொல்ல முடியவில்லை. அன்று பியூலா அவளைக் கூட்டிக்கொண்டு போனாள், நான் மேடத்துக்குப் போன் செய்தேன். மறுநாள் சொன்னேன்.

குணமாகிவிட்டதா என்று கேட்கிறார்கள். தெரியவில்லை. மாத்திரை இருக்கிறது. மாடிப்படி ஏறுவதும் இருக்கிறது. பதற்றத் தாக்கு இப்போதும் வருகிறது; வரும்போது, இது வந்து போகும் என்று உடம்பிடம் சொல்லிக்கொண்டு ஓரமாக நிற்கிறேன். முன்பெல்லாம் என் வாழ்க்கை எங்கோ போய் ஒரு நல்ல இடத்தில் முடியப்போகிறது என்று வாழ்ந்தேன். அந்த நீளமான காலம் என்னிடமிருந்து போய்விட்டது. இப்போது என் கையில் இருப்பது பொழுது விடிந்து அடைகிற அளவுக்கு ஒரு துண்டு. சில நாள் அதுவே தூக்க முடியாத கனமாக இருக்கிறது.

போன வாரம் ஒரு நாள். அலுவலகத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பாதி டம்ளர் குடித்திருந்தபோது சுரீர் என்று நினைவுக்கு வந்தது. காலையில் ஷாரோனிடம் சொல்லவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது, அவள் புத்தகப்பை நனையும் என்று அவசரமாக இறக்கிவிட்டு வந்திருக்கிறேன். பாதி டீயோடு பைக்கை எடுத்தேன். பள்ளிக்கூட வாட்ச்மேனிடம் அவசரம் என்று கெஞ்சி, அவளைக் கூப்பிடச் சொன்னேன்.

மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்தாள். முகம் வெளுத்திருந்தது. வகுப்பு நடுவில் வாசலுக்குக் கூப்பிட்டால் ஒரு பிள்ளை என்ன நினைக்கும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“அம்மாவுக்கு என்னப்பா?”

“அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. காலைல உங்கிட்ட சொல்ல மறந்துட்டேம்ளா.”

அவள் மூச்சு வாங்க என்னைப் பார்த்தாள். “நானும் மறந்துட்டேனே,” என்றாள். சொல்லிவிட்டு அவளே அதைக் கேட்டவள்போல் நின்றாள். அவள் மறந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். நான் மறந்ததில் பயம். 

“கெமிஸ்ட்ரி கிளாஸ்ப்பா,” என்று திரும்பி ஓடினாள். பாதி மைதானம் போனவள் நின்று திரும்பினாள்.

“இன்னும் சொல்லலியே நீங்க!”

வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல்களில் பிள்ளைகள் எட்டிப்பார்த்தார்கள். ஒரு காலத்தில் ஊருக்குத் தெரியாமல் பல்வலி என்று சொல்லிக்கொண்டு திரிந்த மனுஷன், அந்த மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

“இன்னைக்கு மாட்டேன்!”

அவள் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு வகுப்புக்குள் போனாள். காலை பதினொரு மணிகூட ஆகவில்லை. அந்த நாளில் இன்னும் நிறைய மிச்சம் இருந்தது.